அண்ணனுக்கு நான் சொல்லிக்கொடுத்த பதில்கள்

பூனாவில், கட்கியில், நானும் அண்ணனும் மட்டும்தான். அவருக்கு மனச்சிதைவு நோய். முப்பது வருடமாக நான்தான் பார்த்துக்கொண்டேன். 2003-இல் அவர் அறுபதைத் தாண்டியதும் மறதியும் சேர்ந்துகொண்டது. "அடுத்த வாரம் ஞாபகசக்தியைச் சோதித்துப் பார்ப்போம்" என்றார் டாக்டர்.

அண்ணனை வாலிபத்தில் ஒருமுறை, டாக்டர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருந்தார் என்று, ஆறு மாதம் ஆஸ்பத்திரியிலேயே வைத்துவிட்டார்கள். மறுபடி அப்படி ஆகிவிடக் கூடாது. சோதனை முடிந்து வெளியே வந்த ஒரு பெண்ணிடம் கேள்விகளை விசாரித்துக்கொண்டேன். என்ன மாதம், எந்த ஊர், அப்புறம் நினைவு வைத்துச் சொல்ல வேண்டிய மூன்று சொற்கள்: வாழைப்பழம், நாற்காலி, சாவி. ஒரு வாரம் இந்தியில் உருப்போட வைத்தேன். "கேலா, குர்சி, சாபி."

அண்ணன் பிசகாமல் ஒப்பித்தார். "பயப்பட ஒன்றுமில்லை, அடுத்த வருடம் பார்க்கலாம்" என்றார் டாக்டர். எனக்குப் பெருமை வேறு.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், பால் வாங்கப் போனவர் திரும்பவில்லை. தேடி அலைந்து, கடைசியில் போலீஸ் சௌக்கியில் கண்டுபிடித்தேன்.

"வீடு எங்கேன்னு கேட்டா, கேலா, குர்சி, சாபின்னே சொல்றாரும்மா" என்று ஹவல்தார் இந்தியில் சொன்னார்.

என்னைப் பார்த்ததும் அண்ணன் முகம் மலர்ந்தது. "எல்லாத்தையும் கரெக்டா சொல்லிட்டேன் பாப்பா. இப்ப வீட்டுக்கு விட்டுடுவாங்கல்ல?"

மறுநாள் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஒரு வாரம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேனே, அதில் எங்கள் தெருவின் பெயரைச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.