சில்வர் பீச் தெரிந்த கண்ணாடி

கடலூர் முதுநகரில் சௌந்தரத்தின் பிடிவாதம் ஊரறிந்தது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவள். சிதம்பரத்து ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டுக்கும் அந்தப் பிடிவாதத்தோடுதான் போனாள். பஜ்ஜிக் கடையில் எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்து, அவள் கணவன் சாமிக்கண்ணுவுக்கு மார்பிலிருந்து முழங்கால் வரை வெந்திருந்தது.

ஒன்றுவிட்டு ஒருநாள் கட்டு மாற்றுவார்கள். புண்ணோடு ஒட்டிய துணியை உரிக்கும்போது உயிரே போய்விடும். நர்ஸ் கனிமொழி ஒரு மாத்திரையைக் கொடுத்தாள்.

"அக்கா, மார்ஃபின் மாத்திரை. கட்டு பிரிக்க அரைமணி முன்னாடி குடுத்துடுங்க. உள்ள வந்ததும் வி.ஆர். கண்ணாடி மாட்டிவுடுவோம். பனிமலைக்குள்ள போற மாதிரியே இருக்கும். ரெண்டும் சேந்தாதான் வலி அடங்கும்."

மார்ஃபின் என்றதும் சௌந்தரத்துக்கு அண்ணன் ஞாபகம்தான் வந்தது. அவன் முதுகுவலிக்கென்று கண்ட கடையில் மாத்திரை வாங்கி விழுங்கி, பிறகு அது இல்லாமல் இருக்க முடியாமல், பஸ் ஸ்டாண்டில் கிடந்து செத்தவன். டாக்டர் அளந்து கொடுப்பது வேறு என்று அவளுக்கு யார் சொன்னாலும் ஏறாது. மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"கண்ணாடியே போதும் மாமா. இது பழகிப்போச்சுன்னா எங்கண்ணன் கதிதான்."

சாமிக்கண்ணு அவள் முகத்தையே பார்த்தான். "சரி சௌந்தரம். நர்ஸம்மா கேட்டா போட்டுட்டேன்னு சொல்லிடுறேன்."

கட்டு மாற்றும் அறைக்கு வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். சத்தமே இல்லை.

"வலிச்சுதா மாமா?"

"எங்க வலிச்சுது? கண்ணாடில நம்ம சில்வர் பீச் தெரிஞ்சுது. நீயும் நானும் நின்னு சுண்டல் தின்னோம்."

நான் சொன்னேனா இல்லையா என்று அவளுக்கு ஒரே பெருமை. அடுத்த முறை மாங்காய்ப் பத்தை தின்றார்களாம். அதற்கடுத்த முறை அவள் புடவையை அலை நனைத்ததாம். அவன் உதட்டில் பல் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. வறட்சி என்றான். நம்பினாள், பாவி.

பதினெட்டாம் நாள் ரத்தத்தில் கிருமி ஏறி அவன் போய்விட்டான். காரியமெல்லாம் முடிந்தபின் சௌந்தரம் கனிமொழியைத் தேடி வந்தாள்.

"அந்தக் கண்ணாடிய ஒருதரம் மாட்டிவுடும்மா. அவரு பாத்த பீச்ச நானும் பாக்கணும்."

மாட்டினாள். பனி. இந்தப் பக்கம் திரும்பினாள், பனி. அந்தப் பக்கமும் பனிதான்.

"பீச் எங்கம்மா?"

"இதுல பீச்சே கெடையாதுக்கா. பனிமலை மட்டுந்தான். அவுரு எங்க பாத்தாரு? பல்லக் கடிச்சிக்கிட்டு கண்ண இறுக்கி மூடிக்குவாரு. கேட்டா வலிக்கலன்னுவாரு. மாத்திரை போட்டுமா இப்டின்னு எனக்கே புரியல."

சௌந்தரம் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கட்டுக்கு ஒன்றாக எட்டு மாத்திரைகள். கனிமொழி வாயைப் பொத்திக்கொண்டாள். உயிர் போனதற்கு மாத்திரை கொடுக்காதது காரணமில்லை என்று பெரிய டாக்டர் பிறகு கூப்பிட்டுச் சொன்னார். வலித்ததற்கு யார் காரணம் என்று அவள் அவரைக் கேட்கவில்லை.

இப்போது அதே வார்டில் அவள் ஆயா. புதிதாக யார் வந்து படுத்தாலும் மாத்திரை வாய்க்குள் இறங்கும்வரை தலைமாட்டை விட்டு நகர மாட்டாள். போன வாரம் திட்டக்குடியிலிருந்து வந்த ஒருத்தி, புருஷனுக்குக் கண்ணாடி மாட்டுவதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இதுல என்னாக்கா தெரியும்?"

"பனிமலை தெரியும்" என்றாள் சௌந்தரம். கண்ணாடிப் பட்டையைச் சரிசெய்துவிட்டு, "எங்க வூட்டுக்காரருக்கு மட்டும் நான் தெரிஞ்சேன்" என்றாள்.