புள்ளி வைத்த தேதிகள்

போன வாரம், ஒரே ஒரு வாட்ஸப் செய்தியில் என் தங்கை வசந்தி ஜூனியர் ஆகிவிட்டாள்.

அறக்கட்டளை ஒன்று நடத்தும் பள்ளியில் கணக்கு டீச்சர் அவள். வீடு ஸ்ரீரங்கத்தில், வேலை மருங்காபுரியில். விடியும் முன் கிளம்பி, புழுதியும் வெயிலும் சேலையில் ஒட்டியிருக்க, இருட்டியபின் திரும்புகிற பிழைப்பு. இப்போது ஸ்ரீரங்கம் கிளையில் ஓர் இடம் காலி. பணிமூப்புப்படி கொடுப்பார்கள். கேட்டவர்களின் பட்டியல் வந்தது... புதிதாகச் சேர்ந்த அத்தனை பேருக்கும் கீழே வசந்தி! முதல் பெயர், போன வருடம் சேர்ந்த பெண். கரும்பலகையில் எழுதவே இவள்தான் அவளுக்குப் பழக்கிவிட்டாள்.

“நான் என்னண்ணா, நேத்தா சேர்ந்தேன்?” என்றாள்.

விடுவேனா? கன்டோன்மென்டில் உள்ள அறக்கட்டளை அலுவலகத்துக்கு அவளோடு போனேன்.

மேனேஜர் நிமிரவேயில்லை. “கம்ப்யூட்டர் போட்ட வரிசை சார். நாங்க கை வைக்கிறதே இல்ல.”

எனக்குச் சுள்ளென்று ஏறியது. மனிதன் தப்பு செய்தால் சண்டை போடலாம். கம்ப்யூட்டர் என்று சொல்லிவிட்டால்? கன்னத்தில் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டுமா?

“அந்த ஸ்க்ரீனை இப்படித் திருப்புங்க” என்றேன்.

‘சேர்ந்த தேதி’ என்ற தலைப்பின் கீழே வரிசையாகக் கட்டங்கள். சில தேதிகள் கட்டத்தின் வலது ஓரத்தில். சில இடது ஓரத்தில். அந்தப் பக்கம் காவிரி, இந்தப் பக்கம் கொள்ளிடம் — நடுவில் வெள்ளையாய் ஒரு தீவு. வலக்கரையில் இருந்தவர்கள் எல்லாம் புதியவர்கள். ஆன்லைனில் விண்ணப்பித்தவர்கள், தேதி தானாக வந்து உட்கார்ந்தது. இடக்கரையில் பழையவர்கள். இவர்கள் தேதியை அலுவலகத்தில் யாரோ டைப் செய்திருக்கிறார், நாளுக்கும் மாதத்துக்கும் நடுவே புள்ளி வைத்து.

நாம் எல்லோரும் அப்படித்தானே எழுதுகிறோம்? ஆனால் அந்த எக்ஸலுக்கு, புள்ளி வைத்தால் அது தேதியே இல்லையாம். வெறும் எழுத்தாம். வரிசைப்படுத்தச் சொன்னால் தேதிகளை மேலே அடுக்கிவிட்டு, எழுத்துகளைக் கீழே தள்ளிவிடும். ஆக, அனுபவப்பட்டவர்கள் மொத்தமாக வாலில்!

“இவ்வளவுதானே சார்?” மேனேஜர் புள்ளிகளை எல்லாம் ஒரே தட்டில் சாய்கோடாக மாற்றி, மறுபடி வரிசைப்படுத்தினார். வசந்தி முதலிடம்.

“மேடம்தான் ஃபர்ஸ்ட். சந்தோஷமா?”

நான் எழுந்தேவிட்டேன். வசந்தி எழவில்லை.

“மும்தாஜ் டீச்சர் எங்க சார்?”

“யாரு?”

“பச்சைமலை ஸ்கூல். அவங்களும் இந்த இடத்தைக் கேட்டிருக்காங்க. நான் சேர்ந்த அதே வருஷம், மே இருபது. நான் ஜூன் அஞ்சு. நீங்க என்னை மே ஆறாம் தேதியே சேர்த்துட்டீங்களே!”

மும்தாஜ் இன்னும் இடக்கரையில்தான் நின்றார். அந்தக் கம்ப்யூட்டருக்கு அமெரிக்கப் பழக்கம் — முதலில் மாதம், அப்புறம்தான் நாள். ஜூன் ஐந்தை மே ஆறாகப் படித்துவிட்டது. மும்தாஜுக்கு? இருபதாவது மாதம் என்று ஒன்று கிடையாதே... ஆகவே அவர் சேர்ந்த தேதி, இன்னமும் தேதியில்லை.

“விடுங்க மேடம். உங்களுக்குத்தான் வந்துருச்சுல்ல?”

“தப்பா வந்திருக்கு சார்.”

அவளே மௌஸை வாங்கினாள். செய்ததை எல்லாம் ரத்து செய்தாள். கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, எக்ஸலின் ‘டெக்ஸ்ட் டு காலம்ஸ்’ வசதியைத் திறந்து, கடைசிப் படியில் ‘டேட்’ என்று குறித்து, நாள்–மாதம்–வருடம் என்று வரிசையையும் சொல்லிக்கொடுத்தாள். அத்தனை பேரும் வலக்கரை ஏறினார்கள். மறுபடி வரிசைப்படுத்தினாள்.

மும்தாஜ் முதல். வசந்தி இரண்டாவது. இடமோ ஒன்றே ஒன்று.

வெளியே வந்து கேட்டேன்: “ஏம்மா, பேசாம இருந்திருக்கலாம்ல?”

“மலையில ஒரு பஸ்ஸை விட்டா அவங்க கதி என்னண்ணா? அவங்களுக்குப் பின்னாடி நிக்கிறதுல எனக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. அந்தச் சின்னப் பொண்ணுக்குப் பின்னாடி நிறுத்தினாங்க பாருங்க... அதுதான் பொறுக்கலை.”

எனக்கு இன்னும் ஆறவில்லை. நாங்கள் போகாமல் இருந்திருந்தால்? மலையிலிருந்து இறங்கி வர முடியாத மும்தாஜுக்காக அந்த ஸ்க்ரீனை யார் திருப்பியிருப்பார்கள்? ஒரு பெண் வெயிலிலும் பஸ்ஸிலும் கரைத்த வருடங்களை ஒரு பெட்டி வாலில் கட்டுகிறது. ஒருவர் ஏன் என்று கேட்காமல் கையெழுத்துப் போடுகிறார். இதற்குப் பெயர் நிர்வாகமா?

இன்று காலையும் வசந்தி மருங்காபுரிக்குத்தான் பஸ் ஏறினாள். திருத்திய பட்டியல் நேற்றே வந்துவிட்டது. அடியில் மேனேஜரின் கையெழுத்து; பக்கத்தில் தேதி...

புள்ளி வைத்துத்தான்!