கடவுளுக்குக் கை உண்டா

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள் நல்ல துணியை நல்லது என்று சொல்வதில்லை. ஓட்டை இல்லை, எண்ணெய்க் கறை இல்லை, தையல் விட்டிருக்கவில்லை. இத்தனை ‘இல்லை’ சொன்னால் பீஸ் பாஸாகிவிடும்.

எங்கள் சபைக்கு வந்திருந்த போதகர் ஒருவர் பழங்காலத்து யூத வைத்தியரைப் பற்றிப் பேசியபோது எனக்கு என் செக்கிங் மேஜைதான் நினைவுக்கு வந்தது. எகிப்தில் இருந்தவராம். கிரேக்கர்களின் தத்துவத்தைப் படித்தார். தம் வேதத்தையும் விடவில்லை. இரண்டும் மோதிய இடத்தில், வேதம் சொல்லும் கடவுளின் கையும் கண்ணும் காதும் மனிதருக்குப் புரிவதற்கான பேச்சு என்றார். கடவுளுக்கு உடம்பு கிடையாது. அவர் இன்னது இல்லை என்று மட்டும்தான் நம்மால் சொல்ல முடியும். பேசாமல் இருப்பதே மேலான துதி.

நாலு பேர் முன்னால் ஜெபிக்கச் சொன்னால் நான் பக்கத்தில் இருப்பவரைக் கைகாட்டிவிடுவேன். அதனால் அதைக் கேட்டது பெரிய விடுதலையாக இருந்தது. மறுநாள் காலை வரைதான். கம்பெனி வேனில் உட்கார்ந்து வழக்கம்போல ‘உம்முடைய கையில் ஒப்புக்கொடுக்கிறேன்’ என்று மனதுக்குள் ஆரம்பித்தேன். கைதான் இல்லையே என்று பட்டது. அப்படியானால் எதில் ஒப்புக்கொடுப்பது? அதற்குப் பிறகு எந்த ஜெபமும் பாதியைத் தாண்டவில்லை. வைத்தியர் சொன்னது சரி என்றே புத்தி சொன்னது. அதுதான் தொல்லை.

அந்த வாரம் சாப்பாட்டு நேரத்தில், மேஜைக்கு எதிர்ப்பக்கம் வேலை பார்க்கும் வெள்ளகோவில் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மறுநாள் அவள் கணவருக்கு இருதய ஆபரேஷன்.

“ஏனுங்க அக்கா, அவருக்காக ஒரு ஜெபம் பண்ணுங்க.”

“மனசுக்குள்ள பண்ணிட்டுதாம்மா இருக்கேன்.”

“மனசுக்குள்ள பண்ணுனா உங்க சாமிக்குக் கேக்குமுங்க. எனக்குக் கேக்க வேண்டாமுங்களா?”

கண்ணை மூடி வாய்க்குள்ளேயே ஆரம்பித்தேன்.

“சூப்பர்வைசர்கிட்ட லீவு கேக்கறாப்புல முணுமுணுக்காதீங்க அக்கா. சத்தமாச் சொல்லுங்க.”

“ஆண்டவரே, நாளைக்கு அந்த டாக்டர்மார் கைமேல உம்முடைய...” அங்கே நின்றுவிட்டேன். கிருபை, வல்லமை என்று வேறு சொற்கள் வந்தன. எந்தச் சபைக்கும் போகாத அவளுக்கு அவை ஒன்றும் விளங்காது. “உம்முடைய கைய வையும், சாமி.”

அவள் கண் கலங்கியிருந்தாள். ஆனாலும் விடவில்லை. “கைன்னு சொல்றதுக்கு ஏனுங்க அத்தன யோசன? உங்க சாமிக்குக் கை இருக்குதுங்கல்ல?”

போதகர் சொன்னதெல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது.

“இருக்கு” என்றேன்.

காலையிலிருந்து தொடாத டிபன் பாக்ஸைத் திறந்து அவள் சாப்பிட ஆரம்பித்தாள். மனிதருக்குப் புரிவதற்கான பேச்சு என்று அந்த வைத்தியர் சொன்னது இதைத்தானா, இல்லை, நான் பொய் சொல்லிவிட்டேனா? என் சாதம் அப்படியே இருந்தது. பெல் அடித்ததும் போய் அடுத்த பீஸை விரித்தேன். ஓட்டை பார்க்கத் தோன்றவில்லை. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.