அன்னபூரணம் வாங்கிய பெரிய புகைமூட்டி

மண்கும்பானில் அன்னபூரணத்தைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவளுடைய எரிச்சலைத் தெரியாதவர்கள் இல்லை. பக்கத்து வளவில் ஒரு புது வாளி வாங்கினால் போதும், அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. பக்கத்து வளவுக்காரி வேறு யாருமில்லை, சின்னம்மாவின் மகள் துஷாந்தினிதான். ஒரே காணியை நடுவில் வேலி போட்டுப் பிரித்து இரண்டு பேருக்கும் சீதனமாகக் கொடுத்திருந்தார்கள். நல்ல தண்ணீர்க் கிணறு அன்னபூரணத்தின் பக்கம் வந்தது. அவளோ மாமரம் அந்தப் பக்கம் போனதைத்தான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவளுக்கு நிம்மதி இருந்தது. அம்மன் கோயில் திருவிழாவில் அபிஷேகத்துக்குத் தேன் அவள் வீட்டில் இருந்துதான் போகும். வேப்பமரத்தின் கீழே இரண்டு தேனீப் பெட்டிகள் வைத்திருந்தாள். தென்னை மரத்துப் பன்னாடையைச் சுருட்டிக் கொளுத்தி, அந்தப் புகையைக் காட்டி, பூச்சிகள் அடங்கியதும் தேன்வதையை எடுப்பாள். ஒரு குறையும் இல்லாமல்தான் நடந்தது. அபிஷேகத்தன்று தேன் போத்தலை ஐயர் தூக்கும்போது அவள் சபையைத் திரும்பிப் பார்ப்பாளே ஒரு பார்வை, அதற்காகவே அவள் தேனீ வளர்த்தாள் என்றாலும் பிழையில்லை.

இந்த வருஷம் துஷாந்தினியும் பெட்டி வைத்தாள். அதுவே பொறுக்கவில்லை. போதாக்குறைக்குக் கனடாவில் இருக்கும் அவளுடைய தமையன் ஒரு புகைமூட்டி அனுப்பியிருந்தான். பளபளவென்று சின்னத் தகரக் குடுவை, மேலே மூக்கு வைத்த மூடி, பின்னால் துருத்தி. உள்ளே தணல். துருத்தியை அமத்தினால் மூக்கால் புகை வரும். கையும் சுடாது, தேனில் சாம்பலும் விழாது. கோயில் மனேச்சர் மார்க்கண்டர் அதைக் கண்டுவிட்டு, அன்னபூரணத்தின் படலையடியில் நின்று சொன்னார்.

"பிள்ளை, இந்தமுறை ரெண்டு வீட்டுத் தேனையும் பாப்பம். எது தெளிவாக் கிடக்கோ, அதை அபிஷேகத்துக்கு எடுப்பம், என்ன?"

அன்னபூரணம் அடுத்த நாளே பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனாள். தோட்டச் சாமான் விற்கிற கடையில் புகைமூட்டிகளை வரிசையாக எடுத்து வைத்தார்கள்.

"அம்மா, ரெண்டு பெட்டிக்கு இந்தச் சின்னது காணும்" என்றான் கடைக்காரன்.

"பக்கத்து வீட்டுக்காரி வைச்சிருக்கிறது உந்தளவுதான். அதைவிடப் பெரிசு இல்லையோ?"

அவன் உள்ளே போய், பெரிய பண்ணைக்காரர் வாங்குகிற ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். "இதுக்கு அடியிலை தணல் வடிவாப் பிடிக்கவேணும். பிறகு தேங்காய்ப் பொச்சு நாரை உதிர்த்துப் போடுங்கோ. இறுக்கி அடைஞ்சால் காத்துப் போகாது, நெருப்பு நூந்துபோடும்."

அன்னபூரணம் கேட்டிருந்தால்தானே. அதை எந்தப் பக்கம் பிடித்துக்கொண்டு ஒழுங்கையால் நடந்தால் துஷாந்தினி வீட்டுக்கு நன்றாகத் தெரியும் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் மயில்வாகனம் அதை ஏற இறங்கப் பார்த்தார். "இஞ்சரும், உதென்ன, பாண் சுடுற போறணையோ?"

கட்டின புருசனுக்கே விளங்கவில்லையே என்று அவள் அதைத் தூக்கி வேலியோரமாக வைத்தாள்.

தேன் எடுக்கிற நாளும் வந்தது. பெரிய குடுவையாயிற்றே என்று தென்னம் பொச்சைக் காலால் உதைக்காத குறையாகத் திணித்துக் கொளுத்தினாள். பெட்டியடிக்குப் போகமுன் நூந்துவிட்டது. திரும்பவும் கொளுத்தினாள், திரும்பவும் நூந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் துஷாந்தினியின் சின்னக் குடுவையில் இருந்து வெள்ளைப் புகை விடாமல் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அன்னபூரணத்துக்கு எல்லாம் விளங்கியது. தன்னுடையது பெரிது அல்லவா? துஷாந்தினிக்குப் பொறுக்கவில்லை. கண் வைத்துவிட்டாள். நாவூறு!

இதை நினைத்ததும் கோபம் வந்தது, கோபத்துக்கு அடியில் ஒரு இனிப்பும் இருந்தது. தன்னிலும் பிறர் எரிச்சல்படும்படி ஏதோ இருக்கிறதே.

நாவூறு கழிக்கத் தணல் வேண்டும். குசினியில் காஸ் அடுப்பு. வீட்டில் தணல் என்று இருந்ததெல்லாம் அந்தப் புகைமூட்டிக்குள் செத்துக்கொண்டிருந்ததுதான். உப்பையும் செத்தல் மிளகாயையும் ஒரு கைப்பிடி எடுத்து, தன் தலையைச் சுற்றி, பெட்டியைச் சுற்றி, குடுவையையும் சுற்றி, அதற்குள்ளேயே போட்டாள். குனிந்து மணந்து பார்த்தாள். நெடியே இல்லை! மிளகாய் எரிந்தும் நெடிக்காவிட்டால் நாவூறு இருந்தது என்றுதானே அர்த்தம்?

"எவ்வளவு பொல்லாத கண்!" என்று சந்தோஷத்தோடு சொல்லிக்கொண்டு, மூடியைச் சாத்திப் பெட்டியைத் திறந்து, துருத்தியைப் பலமாக அமத்தினாள்.

மிளகாய் அதுவரை எரியவேயில்லை. காற்றுப் பட்டதும் தணல் பிடித்தது. கார நெடி அப்படியே பெட்டிக்குள் போனது. அடுத்த கணம் பூச்சிகள் குமுறிக்கொண்டு வெளியே வந்தன. அன்னபூரணம் கழுத்திலும் காதிலும் கொட்டு வாங்கிக்கொண்டு, சேலையால் தலையை மூடியபடி கிணற்றடிக்கு ஓடினாள். அவளுடைய சத்தத்தைக் கேட்டு வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து துஷாந்தினி ஓடி வந்தாள். தன் சின்னக் குடுவையால் குளிர்ந்த புகை பிடித்துப் பெட்டியை மூடினாள். ஆனால் கூட்டம் வேப்பமரத்துக்கு மேலால் எழும்பிக் கடற்கரைப் பக்கம் போய்விட்டது. வதையை எடுத்துப் பார்த்தால் தேனிலும் மிளகாய் நெடிதான். மற்றப் பெட்டியில் தேன் இல்லை, தேனீக் குஞ்சுகள் மட்டுமே இருந்தன. இந்த வருஷம் ஐயர் தூக்கப்போவது துஷாந்தினியின் போத்தல்தான். அது அன்னபூரணத்துக்கு அங்கேயே, அப்போதே தெரிந்துவிட்டது.

துஷாந்தினி இருமி இருமிக் கண்ணைத் துடைத்தாள். குடுவைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"நாவூறு கழிச்சனீங்களோ, அக்கா? அப்பாடி, இந்த நெடி நெடிக்குது. பயப்பிடாதேங்கோ. உங்களிலை ஒருத்தற்ற கண்ணும் இல்லை."

நல்ல மனதோடுதான் சொன்னாள். தேன் போனதைக்கூட அன்னபூரணம் எப்படியோ தாங்கியிருப்பாள். வீங்கிய கழுத்தைப் பிடித்துக்கொண்டு, அழுகிற குரலில் கேட்டாள்:

"வடிவா மணந்து பாரடி. கொஞ்சமெண்டாலும் நெடி குறைவாக் கிடக்கெல்லே?"