எதிர்வாசல் வெயில்

எழுபதுகளின் கடைசியில், எனக்கு நாற்பத்து மூன்று வயதாகும்போது கடைசிப் பையன் பிறந்தான். பேரன் எடுக்கிற வயதில் பிள்ளையா என்று எதிர்வீட்டுக்காரி தோட்டத்து லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். அவளோடு பேச்சை விட்டேன்.

ஐந்தாம் நாள் பிள்ளையின் உடம்பு மஞ்சளாகிவிட்டது. காலை வெயிலில் காட்டச் சொன்னார் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர். கேமரன் மலையில் வெயிலை எங்கே போய்ப் பிடிப்பது? மூன்று நாளாக ஒரே மூடுபனி. உட்கார முடியாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் தேயிலை மேட்டுக்குமாக அலைந்தேன். பச்சை உடம்போடு வெளியே வரலாமா என்று கேட்டவர்களிடம் எரிந்து விழுந்தேன்.

மூடுபனி தொடங்கிய நாலாம் நாள் வெயில் வந்தது, அந்த எதிர்வீட்டுக்காரி வாசலில் மட்டும். கால் நகராமல் நின்றேன். அவள் கொடியில் வெயிலை மறைத்துக் கிடந்த ஈரத்துணியையெல்லாம் உருவி எறிந்துவிட்டுக் கத்தினாள்:

“ரோஷமெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம்லா! பிள்ளையக் கொண்டாக்கா!”