பச்சைச் சுடிதார் அக்கா, பின்னால போங்க!

இரண்டு வருடத்துக்கு முன்னால், மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முட்டத்துக்கும் குளச்சலுக்கும் நடுவே உள்ள ஒரு கடற்கரை ஊர். ஊர்ப் பேர் வேண்டாம். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் இன்னும் ஒரு தடவை என்னைக் கேலி செய்வார்கள்.

எனக்கு வீடு தக்கலைப் பக்கம். தையல் கடை வைத்திருக்கிறேன். என் தங்கச்சி குவைத்தில் நர்ஸாக இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவள். சுகர் வந்ததிலிருந்து அவளுக்கு நடைப் பைத்தியம். வீட்டைச் சுற்றி நடந்தால் போதாதாம். ஞாயிறுதோறும் மலை, குளம், கடல் என்று ஏதாவது ஒரு இடம். துணைக்கு நான். முட்டி வலிக்கிறது என்றால் கேட்கவே மாட்டாள். "நடந்தா செரியாவும், வா எக்கா" என்று இழுத்துக்கொண்டு போவாள். சண்டை போட்டுக்கொண்டே நடப்போம். முடிந்ததும் எங்காவது ரசவடையும் சாயாவும். சாயாவுக்கு இரண்டு கரண்டி சீனி கேட்கும் சுகர்காரியை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

அந்த ஊரில் கடலை ஒட்டி உயரமான செம்மண் மேடு. மேட்டின் விளிம்போடு ஒற்றையடிப் பாதை போகிறது. ஒரு பக்கம் பனையும் தாழையும், மறுபக்கம் நேர் கீழே பாறையும் கடலும். நாங்கள் போனபோது காலைப் பூசை முடிந்திருந்தது. கரை வளைகிற இடத்தில் இருந்த மாதா கோயிலில் ஒரு பெண் மைக்கில் பேசிக்கொண்டிருந்தாள். குடிதண்ணீர் எப்போது வரும், எந்தத் தெருக்காரர் கோயிலைக் கூட்ட வேண்டும், யார் வீட்டு ஆட்டைக் காணவில்லை, எல்லாம் மைக்கில்தான். எனக்கு மைக் என்றாலே ஆகாது. எங்கள் தெருவில் விடியுமுன்னே மைக் குழாய் கட்டி அலறவிடுகிறவர்களோடு சண்டைக்குப் போகிறவள் நான்.

"தொண்டையே இம்புட்டு பெருசா இருக்கு, இவியளுக்கு மைக் எதுக்குட்டி?" என்றேன். தங்கச்சி சிரித்தாள்.

பாதி வழியில் பாதை அறுந்து கிடந்தது. மழையில் மண் சரிந்திருக்க வேண்டும். பக்கத்தில் கீழே இறங்க ஒரு தடம் தெரிந்தது. மணலில் கொஞ்ச தூரம் நடந்தால் அந்தப் பக்கம் ஏறிவிடலாம். காற்றே இல்லை. கடல் குளம் மாதிரி கிடந்தது. நாங்களும் இந்த மாவட்டத்தில் பிறந்தவர்கள்தானே, கடலைப் பற்றி எங்களுக்குத் தெரியாதா என்று ஒரு நினைப்பு. உண்மையில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கன்னியாகுமரியில் சங்கும் பாசிமாலையும் வாங்கப் போகிற கடல்தான். வெயில் அடிக்கும்போதே, காற்றும் மழையும் இல்லாமல், எங்கோ தூரத்தில் கிளம்பிய அலை சத்தம் காட்டாமல் கரையேறிவிடும். கள்ளக்கடல் என்பார்கள். முந்தின நாள் டிவியில் அதற்கு எச்சரிக்கை ஓடியது. அது மீன்பிடிக்கப் போகிற வள்ளக்காரர்களுக்குச் சொல்கிற செய்தி என்று நான் சீரியலுக்கு மாற்றிவிட்டேன்.

"நீ நில்லு எக்கா, நான் எறங்கிப் பாத்துட்டுக் கூப்பிடுதேன்" என்று தங்கச்சி இறங்கினாள்.

மணலில் பாதி தூரம் போயிருப்பாள். திடீரென்று தண்ணீர் உள்ளே வாங்கியது. கீழே இருந்த பாறைகளெல்லாம் வெளியே தெரிந்தன. இதென்ன புதுசாக இருக்கிறதே என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மொத்தக் கடலும் எழும்பி வந்தது. அவள் விழுந்து, உருண்டு, எப்படியோ மேட்டின் அடியில் இருந்த ஒரு பாறையில் தொற்றி ஏறிக்கொண்டாள். வந்த வழியும் போகிற வழியும் தண்ணீருக்குள். அவளுக்கு நீச்சல் தெரியாது.

நான் விளிம்போடு ஓடி, அவளுக்கு நேர் மேலே குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தேன். அண்ணாந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கை தொங்குகிற இடத்துக்கும் அவளுக்கும் ஒரு தென்னை உயரம் இருக்கும். இருந்தும் கையை நீட்டிக்கொண்டு கிடந்தேன். புத்தி வேலை செய்யவில்லை.

அப்போதுதான் மைக்கில் ஆட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த குரல் பாதியில் நின்றது.

"மேட்டுல படுத்துக் கிடக்க பச்சைச் சுடிதார் அக்கா, பின்னால போங்க!"

என்னைத்தான் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

"அக்கா, ஒங்களத்தான். நீங்க கிடக்க மண்ணுக்கு அடியில ஒண்ணுமில்ல. கடல் கொடைஞ்சு வச்சிருக்கு. அது இடிஞ்சா கீழ நிக்க பிள்ளைக்க தலையிலதான் விழும். பைய பின்னால போங்க!"

கோயில் முற்றத்தில் நிற்பவர்களுக்கு மேட்டின் அடிப்பக்கம் நன்றாகத் தெரியும். மேலே கிடந்த எனக்குத் தெரியாது. ஆனால் எப்படிப் போவேன்? அவள் என் முகத்தைப் பிடித்துக்கொண்டுதானே அங்கே நிற்கிறாள்! நான் மறைந்தால் மண்ணைப் பிடித்து ஏறப் பார்ப்பாள். "போக மாட்டேன்" என்று மைக்கைப் பார்த்து நானும் கத்தினேன். அதற்குள் என் முழங்கைக்குக் கீழே மண் விரிசல் விட்டது. ஒரு கட்டி பெயர்ந்து அவள் காலடியில் போய் விழுந்து சிதறியது.

நான் பின்னால் ஊர்ந்தேன்.

"எக்கா, போகாத! எக்கா!" என்று அவள் போட்ட கூப்பாடு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

கொஞ்சம் தள்ளி நின்ற ஒரு பனையைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அங்கிருந்து அவள் தெரியவில்லை. மைக் மட்டும்தான் கேட்டது.

"கீழ நிக்க தங்கச்சி, நான் செல்லுகது கேக்குதா? கேட்டா ஒரு கைய தூக்கு." நான் பனையை இன்னும் இறுக்கினேன். "ஆங், தூக்கியாச்சு. நல்ல பிள்ளை. ஒனக்க அக்கா எங்கயும் போகல்ல, பனை மூட்டுல நிக்கா, நான் பாக்கேன். நீ ஏறப் பாக்காத மக்கா. பெரிய அலை ஒண்ணு வருது. பாறையக் கெட்டிப் பிடி. குனி. மூச்ச அடக்கு!"

மேடு அதிர்ந்தது. தண்ணீர்த் தூசி என் முகத்தில் அடித்தது. அதன் பிறகு மைக் பேசவில்லை.

பேசு, பேசு, பாவி பேசு என்று பனையில் தலையை முட்டிக்கொண்டேன். வாழ்நாளெல்லாம் மைக்கைத் திட்டியவள், அது வாயைத் திறக்காதா என்று தவித்தேன்.

"நிக்கா... நிக்கா. பேடிக்காதிங்க அக்கா, ஒங்க தங்கச்சி நிக்கா!"

அதற்குள் ஆட்கள் வள்ளத்துக் கயிற்றோடு ஓடி வந்தார்கள். பூசைக்கு உடுத்த வெள்ளை வேட்டியோடு சிலர். நான் கிடந்த விளிம்புப் பக்கமே அவர்கள் போகவில்லை. தள்ளி, பாறை உறுதியாக இருந்த இடத்துக்குப் போய், கயிற்றைப் பனையில் கட்டி ஒருவரை இறக்கினார்கள். அவருக்கும் வெளிக்கடலில் வரும் அலை தெரியாது. அதையும் மைக்தான் சொன்னது. "நில்லு, எறங்காத. ஒண்ணு வருது. அது போவட்டு... நில்லு... இப்ப போ! ஓடு!"

அந்த ஆள் இடுப்பில் கயிறு கட்டித் தூக்கிவிட, தங்கச்சி மேலே வந்தபோது முழங்கை, முட்டியெல்லாம் தோலில்லை. ஒரு ஷூவைக் காணோம். நேராக வந்து என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "போகாதன்னு சென்னேன்லா!" என்றாள். பிறகு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும்தான்.

மைக் அதற்குள் அடுத்த வேலைக்குப் போய்விட்டது. "அந்தப் பிள்ளை கரையேறியாச்சு. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். எல்லாரும் வீட்டுக்குப் போங்க. ஆட்டக் கண்டவங்க இன்னும் செல்லல்ல." சுற்றி நின்ற எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

கோயில் முற்றத்தில் சாயா கொடுத்தார்கள். குடித்துக்கொண்டிருக்கும்போது பொத்தென்று ஒரு சத்தம். நான் படுத்துக் கிடந்த மண் முழுதும் இடிந்து அந்தப் பாறையை மூடிவிட்டது. மைக்கில் பேசிய பெண் என் வயதுக்காரி, மெலிந்த உடம்பு. தொண்டை கட்டிப் போய், "நான் செல்லச் செல்ல நீங்க கிடந்தியளே, எனக்க உயிரே போச்சு" என்று என்னைத் திட்டினாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் தெருவில் இப்போதும் விடியுமுன்னே மைக் அலறுகிறது. திட்டத்தான் வாய் வருகிறது, மாற்றிச் சொல்வானேன்! ஆனால் சண்டைக்குப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நடை மட்டும் நிற்கவில்லை. வழியில் வாய்ச்சண்டை வந்தால் தங்கச்சி கடைசியில் எடுக்கிற ஆயுதம் ஒன்றுதான்: "என்னைய விட்டுட்டுப் போனவதான நீ!" ஆமாம், விட்டுவிட்டுத்தான் போனேன், அதைச் சொல்லிக் காட்ட அவள் இருக்கிறாளே, எனக்கு அது போதும்.