அம்மாவுக்கு வைத்த பாஸ்தா

பிள்ளைகளே, உங்கள் அம்மா தவறிய பிறகு வந்த அவளுடைய முதல் பிறந்தநாளில், ஃபேரர் பார்க் பக்கம் இருக்கும் இத்தாலி உணவகத்துக்கு உங்களைக் கூட்டிப்போனேன். பிறந்தநாளில் அம்மாவுக்குப் பிடித்ததைப் படைத்துவிட்டுத்தான் நாம் சாப்பிட வேண்டும். அந்தக் கடைத் தக்காளிப் பாஸ்தா என்றால் அவளுக்கு உயிர். எனக்கு அதைச் செய்யத் தெரியாது. அதனால் அங்கேயே நான்கு தட்டு சொன்னேன்.

நான்காவது தட்டைக் காலி நாற்காலிக்கு முன்னால் வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டோம். திறந்தபோது கடைக்கார இத்தாலியர் அந்தத் தட்டைக் கையில் வைத்திருந்தார். பாஸ்தா ஆறினால் ருசி போய்விடுமாம். வருகிறவர் வந்ததும் புதிதாகச் செய்து தருகிறேன் என்றார். எப்போது வருவார் என்றும் கேட்டார்.

சின்னவளே, நீதான் ஆங்கிலத்தில் கொஞ்சம் லேட்டாகும் என்றாய்.

"சும்மா இரு பாப்பா," என்றான் உன் அண்ணன்.

"ஏன்? அம்மா எப்பவும் லேட்டுதானே லா."

சாமியிடம் போயிருக்கிறாள் என்றுதான் உனக்குச் சொல்லியிருந்தேன். போனவள் திரும்பி வருவாள் என்று நீ இருந்திருக்கிறாய்.

"அம்மா வர மாட்டாங்கம்மா," என்றேன்.

"இன்னைக்கா?"

"என்னைக்குமே."

தமிழ் தெரியாவிட்டாலும் என் முகத்தைப் பார்த்து, கடைக்காரர் தட்டை அதே இடத்தில் வைத்துவிட்டுப் போனார். படைத்ததை முதலில் உனக்குத்தான் ஊட்ட வந்தேன். நீ நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாய். வாயைத் திறக்கவில்லை.